சார்காய்டோசிஸ்: ஒரு வியாதியின் லக்ஷணங்களும் அதன் போக்கும்



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் சார்காய்டோசிஸ் என்னும் வியாதி, நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் போல வீட்டுக்கு வீடு அறிந்த பெயரன்று. எனினும், வேறு ஏதோ காரியத்துக்காக மார்பை எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டு, நுரையீரலின் வேரடியில் இரு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது என்ற செய்தியோடும், அதுவரை காதில் விழுந்தே இராத இந்தப் பெயரோடும் வீடு திரும்பி, இது க்ஷயமோ புற்றோ என்று இரவெல்லாம் கலங்குகிறவர்கள் நம்மிடையே இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் வியாதியின் பெயரை விளக்குவதைக் காட்டிலும் அதன் போக்கை விளக்குவதே பெரிய உபகாரம் என்பது என் துணிபு. ஏனெனில், இந்த ஒரே பெயரைத் தாங்கியவர்களில் ஒருவர் மருந்து ஒன்றும் உட்கொள்ளாமலே இரண்டு வருஷத்தில் பூரண சுகம் அடைகிறார். மற்றொருவர் பல வருஷங்கள் மூச்சுக்குப் போராடுகிறார். வேறு ஒருவர், இப்படிப்பட்டவர் மிகச் சிலரே ஆயினும், இதயத்தின் துடிப்பு தடுமாறித் திடீரென்று மாண்டுபோகிறார். இவருக்கு எந்தக் கதி நேரும் என்று ஆரம்பத்திலேயே ஓரளவு ஊகிப்பதற்கு வியாதியே சில குறிப்புகளைத் தருகிறது. அவற்றுள் தலையானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆரவாரத்தோடு வருகிற சார்காய்டோசிஸ் பெரும்பாலும் விரைவில் விடைபெற்றுக்கொள்கிறது, ஓசைப்படாமல் நுழைவதே நெடுங்காலம் தங்குகிறது.

சரீரத்திற்குள் ஒரு முள்ளின் துணுக்குத் தங்கிவிட்டாலும், எளிதில் அழியாத க்ஷயக் கிருமி போன்ற ஒன்று புகுந்துவிட்டாலும், அதைக் கரைக்க இயலாத நிலையில் நம்முடைய வெள்ளணுக்கள் அதைச் சுற்றிலும் திரண்டு, ஒன்றோடொன்று நெருங்கி, அவற்றுட் சில ஒன்றாகக் கலந்து பல உட்கருக்களையுடைய பேரணுக்களாகி, கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறிய உருண்டையாக அடைபட்டு நிற்கும். இந்த உருண்டையை வைத்திய சாஸ்திரம் கிரானுலோமா என்று அழைக்கிறது. க்ஷயத்தில் உண்டாகும் கிரானுலோமாவின் நடுப்பகுதி பெரும்பாலும் செத்து நைந்து போகும். சார்காய்டோசிஸில் உண்டாவதோ, நடுவிலே அழிவு இல்லாமல், எந்த அந்நியப் பொருளைச் சிறைப்படுத்த இத்தனை அணுக்கள் கூடினவோ அந்தப் பொருள் பூதக்கண்ணாடியிலும் அகப்படாமல், இறுக்கமாகவும் உயிரோடும் இருக்கும். வியாதியின் மூலகாரணம் இன்றுவரை நிச்சயிக்கப்படவில்லை. பரம்பரையாக வந்த ஒரு சரீர வாகு உள்ளவர், சுவாசத்தின் வழியே ஏதோ ஒன்றை எதிர்ப்படும்போது இது உண்டாகிறது என்பதே பொதுவான அபிப்பிராயம். பெரிலியம் என்னும் உலோகத்தின் தூளைச் சுவாசித்த தொழிலாளரிடத்தில் பூதக்கண்ணாடியில் இதனின்றும் பிரித்தறிய முடியாத ஒரு நோய் தோன்றுவதும், 2001-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து உலக வர்த்தக மையம் இடிந்தபோது அந்தப் புழுதியில் நின்று உழைத்த தீயணைப்புப் படையினரிடையே இந்த வியாதி மிகுந்து காணப்பட்டதும் இந்த அபிப்பிராயத்துக்கு வலிமை தருகின்றன. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதாகக் கண்டதில்லை. ஆகையால் நோயாளரின் பாத்திரத்தையும் படுக்கையையும் ஒதுக்கி வைக்க வேண்டிய அவசியமே கிடையாது.

ஒரு கிரானுலோமாவுக்கு இரண்டே கதிகள் உண்டு. ஒன்று, அது வந்த சுவடு தெரியாமல் கரைந்துபோவது. மற்றொன்று, சுற்றிலும் நார் படிந்து தழும்பாக இறுகிவிடுவது. சார்காய்டோசிஸின் சரித்திரம் முழுவதும் இந்த இரண்டு கதிகளுக்குள் அடங்கும். கிரானுலோமாக்கள் எந்த அவயவத்தில் எத்தனை இருக்கின்றன என்பதைப் பொறுத்தே லக்ஷணங்கள் அமைகின்றன. ஈரலில் ஆயிரக்கணக்கில் இருந்தும் ஒரு தொந்தரவும் தெரியாமற் போகலாம். இதயத்தின் மின்னோட்டம் செல்லும் வழியில் சில இருந்தாலே உயிருக்கு ஆபத்து நேரலாம்.

இத்தனை அவயவங்களில் தோன்றும் இது ஒரே வியாதிதான் என்று கண்டுகொள்ள மேனாட்டு வைத்தியர்களுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. லண்டன் நகரத்தில் சர் ஜானதன் ஹட்சின்சன், 1869-ஆம் ஆண்டில், நிலக்கரித் துறையில் வேலை செய்துவந்த ஒரு மனிதருடைய கைகளிலும் கால்களிலும் ஊதா நிறத் தடிப்புகளைக் கண்டு குறித்துவைத்தார். அந்த மனிதர் பின்னர் சிறுநீரகக் கோளாறினால் இறந்தார். தோலில் கண்டதற்கும் சிறுநீரகத்தில் நேர்ந்ததற்கும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்பது பிற்காலத்தார் செய்யும் ஊகம். அதற்கான நியாயத்தைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். 1889-இல் பாரிஸ் நகரத்தில் எர்னஸ்ட் பெனியே, மூக்கும் காதும் விரல்களும் ஊதா நிறமாக வீங்கிய ஒரு நோயாளரை வர்ணித்து அதற்கு லூபஸ் பெர்னியோ என்று பெயர் வைத்தார். 1899-இல் நார்வே தேசத்துச் சீஸர் பெக், தோலிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்து, உள்ளே இருக்கும் அணுக்களின் தோற்றத்தை எழுதினார். இவர்கள் எல்லோரும் தோல் வியாதிகளில் நாட்டம் கொண்டவர்கள். ஆகையால் தோலையே கண்டார்கள். ஸ்வீடன் தேசத்து யோர்கன் ஷவுமான் என்பவர்தான், 1914-இல் எழுதிப் பல வருஷங்கள் கழித்தே அச்சேறிய ஒரு கட்டுரையில், தோலில் காண்பதும் நெறிகளிலும் நுரையீரலிலும் எலும்பிலும் காண்பதும் ஒரே வியாதியின் பல முகங்கள் என்று நிலைநாட்டினார். அந்த ஒரு கட்டுரைக்குப் பிறகே இந்த வியாதியின் போக்கை ஆராய்வது சாத்தியமாயிற்று என்று சொல்வது மிகையாகாது.

இனி, ஆரவாரத்தோடு வரும் வகையைக் கவனிப்போம். இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட பிராயத்தினர் ஒருவருக்கு, அதுவும் பெரும்பாலும் ஒரு பெண்ணுக்கு, சில நாட்களுக்குள் ஜுரம் காண்கிறது. இரு கணுக்கால்களும் வீங்கி, காலையில் படுக்கையை விட்டு இறங்கி நிற்பதே பெரும் பிரயாசையாகிறது. முழங்காலுக்குக் கீழே, முன்புறத்துத் தோலில், தொட்டாலே வலிக்கும் கட்டிகள் சிவந்து கிளம்புகின்றன. நம்மவருடைய மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு நன்றாகத் தெரியாமல் கருமை கலந்த ஊதாவாகத் தோன்றுவதால், கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல் விரலால் தடவிப் பார்த்தே அவற்றை அறிய வேண்டியிருக்கும். மார்பைப் படம் எடுத்தால் இரு நுரையீரல்களின் வேரிலும் நெறிகள் சமமாகப் பருத்திருக்கின்றன. இந்தக் கூட்டு லக்ஷணத்தை 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் ஸ்டாக்ஹோம் நகரத்தில் ஆராய்ந்தவர் ஸ்வென் லோஃப்கிரென். அக்காலத்தில் ஸ்வீடனில் இத்தகைய கால்கட்டிகள் க்ஷயம் புதிதாகத் தொற்றியதன் அடையாளம் என்றே கருதப்பட்டன. அவரோ, க்ஷயம் தொற்றியவருக்குத் தோலைத் தடிக்கச் செய்யும் டியூபர்குலின் ஊசிச் சோதனையில் இவர்களில் அநேகருக்குத் தோல் சற்றும் தடிப்பதில்லை என்பதைக் கண்டு, இது க்ஷயமன்று, சார்காய்டோசிஸின் ஆரம்பமே என்று காட்டினார். இன்றும் இந்தக் கூட்டு லக்ஷணம் லோஃப்கிரென் பெயராலேயே வழங்குகிறது.

நோயாளரை நடக்கவொட்டாமல் செய்து, வீட்டாரை அச்சுறுத்தி, வைத்தியரிடம் ஓட வைக்கும் இந்த வகைதான் எல்லா வகைகளிலும் சாதுவானது என்பது முதன்முறையாகக் கேட்பவருக்கு வியப்பாகவே இருக்கும். இப்படித் தொடங்கியவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் இரண்டு வருஷங்களுக்குள் தாமாகவே சுகமடைந்துவிடுகிறார்கள். காலில் கண்ட கட்டிகள் சில வாரங்களில் தழும்பின்றி வாடிவிடும். மூட்டு வீக்கம் சில மாதங்களில் வடியும். மார்பு நெறிகள் கடைசியில் மெல்லச் சுருங்கும். வலிக்கும் வீக்கத்துக்கும் சாதாரண மாத்திரைகளும் ஓய்வுமே பெரும்பாலோருக்குப் போதும். சரீரத்தின் காப்புச் சக்தி உரத்த குரலில் எதிர்த்துப் போராடி விஷயத்தை முடித்துவிடுகிறது என்று இதற்குப் பொருள் கூறுவர். ஸ்வீடன் தேசத்து நோயாளரிடத்தில், குறிப்பிட்ட ஒரு பரம்பரை மூலக்கூறு உடையவர்களே இவ்விதம் விரைவில் தேறுகிறார்கள் என்றும் பிற்கால ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, ஏறக்குறையப் பாதிப் பேரிடம் வியாதி ஒரு லக்ஷணமும் காட்டாமலே இருக்கிறது. உத்தியோகத்தில் சேருவதற்காகவோ, வெளிநாடு செல்வதற்காகவோ, அறுவைச் சிகிச்சைக்கு முன்னேற்பாடாகவோ எடுத்த எக்ஸ்ரே படத்தில்தான் அது வெளிப்படுகிறது. லண்டன் மருத்துவராகிய கை ஸ்காடிங் என்பவர் 1961-இல் இந்தப் படங்களை வகைப்படுத்தி ஒரு முறையை வகுத்தார். இன்றளவும் உலகெங்கும் வைத்தியர்கள் அதையே அனுசரிக்கிறார்கள். நெறிகள் மட்டும் பருத்திருப்பது முதல் நிலை. நெறிகளோடு நுரையீரலிலும் நிழல் படிந்திருப்பது இரண்டாம் நிலை. நெறிகள் மறைந்து நுரையீரல் நிழல் மட்டும் இருப்பது மூன்றாம் நிலை. நுரையீரல் நார் பட்டுச் சுருங்கிவிடுவது நான்காம் நிலை. முதல் நிலையில் உள்ளவர்களில் நூற்றுக்கு 55 முதல் 90 பேர் வரையிலும், இரண்டாம் நிலையில் 40 முதல் 70 பேர் வரையிலும், மூன்றாம் நிலையில் 10 முதல் 20 பேர் வரையிலும் தாமாகச் சுகமடைகிறார்கள். நான்காம் நிலையில் தானாகச் சுகமடைவது என்பது இல்லை. ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்: இந்த எண்கள் படிக்கட்டுகள் அல்ல. முதல் நிலையில் இருப்பவர் வரிசையாக இரண்டுக்கும் மூன்றுக்கும் ஏறித்தான் தீர வேண்டும் என்று எண்ணி மனம் நொந்துபோகிறவர்கள் உண்டு. முதல் நிலையில் தோன்றியவர்களில் பெரும்பாலோர் அந்த நிலையிலிருந்தே வீடு திரும்பிவிடுகிறார்கள்.

நுரையீரலையோ மார்பு நெறிகளையோ தொடாத சார்காய்டோசிஸ் மிக அபூர்வம்; நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அங்கே அது தங்குகிறது. லக்ஷணங்கள் தோன்றும்போது முதலில் வருவது சளியில்லாத வறட்டு இருமல். அதன் பிறகு மாடி ஏறும்போதும் வேகமாக நடக்கும்போதும் மூச்சிரைப்பு. சிலருக்கு நெஞ்சின் நடுவிலே இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு பாரம். லேசான ஜுரமும், இரவில் வியர்வையும், எடைக் குறைவும் சேர்ந்துகொண்டால் க்ஷயத்தின் வேஷம் பூரணமாகிவிடும். இருமலில் இரத்தம் வருவது ஆரம்பகாலச் சார்காய்டோசிஸில் அரிது. ஆனால் நுரையீரல் நார் பட்டுப் பொந்துகள் உண்டாகி, அந்தப் பொந்துகளில் பூஞ்சணம் குடியேறிய பிற்காலத்தில் இரத்தம் வருமானால் அது அபாய அறிகுறி. நார் பட்ட நுரையீரலுக்கு இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் சோர்ந்துபோவதும், கால்கள் வீங்குவதும், பிராணவாயுவைக் குழாயின் மூலம் பெற வேண்டிய நிலை வருவதும் மிகச் சிலருடைய கதி. வியாதி கண்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களே அதனால் இறக்கிறார்கள். மேனாடுகளில் அந்த மரணங்களில் பெரும்பங்கு இவ்விதம் நுரையீரல் தளர்ந்து நேர்வதுதான்.

களைப்பைப் பற்றித் தனியே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் வேறு எந்த லக்ஷணத்தைக் குறித்தும் நோயாளர்கள் இவ்வளவு அலட்சியத்துக்கு உள்ளாவதில்லை. வேலை செய்தபின் வருகிற, உறங்கி எழுந்தால் தீருகிற களைப்பு வேறு. சார்காய்டோசிஸில் வருகிற களைப்பு வேறு. எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தவர், குளித்துத் தலை வாருவதற்குள் மறுபடியும் படுக்கத் தோன்றும்படி அயர்ந்துவிடுகிறார். எக்ஸ்ரே தெளிந்து, இரத்தப் பரீட்சைகள் சரியாகி, வைத்தியர் கைகொடுத்து வாழ்த்தி அனுப்பிய பிறகும் இந்த அயர்வு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நீடிக்கும். அளந்து காட்ட ஒரு கருவி இல்லாமையால், நோயாளர் சோம்பேறி என்றும் மனத்தளர்ச்சி உள்ளவர் என்றும் பழிக்கப்படுகிறார். மருமகளுக்கு இது வந்துவிட்டால் குடும்பத்தில் எத்தகைய சொற்கள் எழும் என்பதை இந்தச் சபையிலுள்ள தாய்மார்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இந்த அயர்வு மெய்யானது, வியாதியைச் சேர்ந்தது, நடிப்பன்று என்று வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிட்டுச் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்று நான் கருதுகிறேன்.

தோலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். காலில் வலியோடு கிளம்பும் கட்டிகள் நல்ல சகுனம் என்று கண்டோம். மூக்கிலும் கன்னங்களிலும் காதுமடல்களிலும் வலியே இல்லாமல், மெல்ல மெல்ல, ஊதா நிறத்தில் தடித்துவரும் லூபஸ் பெர்னியோவோ, வியாதி நெடுங்காலம் தங்கப்போகிறது என்பதற்கும், மூக்கின் உட்பகுதியிலும் நுரையீரலிலும் ஆழமாக வேரூன்றியிருக்கக்கூடும் என்பதற்கும் சாட்சி. பழைய காயத்தழும்பும் பச்சை குத்திய இடமும் காரணமின்றித் தடித்தால் அதையும் வைத்தியரிடம் காட்டுவது நலம்.

கண்ணின் விஷயம் அப்படிச் சுருக்கிச் சொல்லக்கூடியதன்று. சார்காய்டோசிஸ் கண்டவர்களில் கால்பங்கினருக்கோ அதற்கு மேலோ கண்ணில் அழற்சி உண்டாகிறது. டென்மார்க் தேசத்துக் கண் வைத்தியர் கிறிஸ்டியன் ஹெர்ஃபோர்ட், 1909-இல், கண் அழற்சியும், காதடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வீக்கமும், ஜுரமும், சிலருக்கு முகத்தின் ஒரு பக்கம் கோணிப்போகும் முகவாதமும் ஒன்றாகக் கூடி வருவதை வர்ணித்தார். அதுவும் சார்காய்டோசிஸே என்பது 1930-களில்தான் தெளிவாயிற்று. கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால் நோயாளர் தாமாகவே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். மருந்துத் துளிகளில் அது அடங்கியும் விடும். நான் அஞ்சுவது மற்றதை. சிவப்பும் இல்லாமல், வலியும் இல்லாமல், கண்ணின் பின்புறத்தில் அழற்சி நீறு பூத்த நெருப்பாகக் கனன்றுகொண்டே இருந்து, புரை வளர்ந்து, கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி, பார்வை நரம்பு பழுதான பிறகே மங்கல் தெரிய வருவதுண்டு. ஆகையால், கண்ணிலே குறை சொல்கிறாரோ இல்லையோ, சார்காய்டோசிஸ் என்று நிர்ணயமான ஒவ்வொருவரும் உடனே ஒரு முறை கண்மணியை விரிய வைத்துப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அரை மணி நேரத்துக் காரியம் ஒரு ஜன்மத்துப் பார்வையைக் காக்கும்.

நரம்பு மண்டலத்தை இது தொடுவது நூறில் பத்துப் பேருக்கும் குறைவு. நரம்புக் கோளாறுகளில் முகவாதம்தான் மிகுதி; அதுவும் பெரும்பாலும் நல்லபடியாகவே தேறிவிடும். பிட்யூட்டரிச் சுரப்பியின் அருகே தங்கினால், நீரிழிவு இல்லாமலே தீராத தாகமும் குடம் குடமாகச் சிறுநீரும் உண்டாகும். கை கால்களில் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற வலியும் மெல்லிய நரம்புகள் தாக்கப்படுவதால் வருவன.

இப்போது ஹட்சின்சன் கண்ட நிலக்கரித் துறைத் தொழிலாளியின் சிறுநீரகத்துக்கு வருவோம். நாம் உணவிலும் வெயிலிலும் பெறும் டி வைட்டமின் அப்படியே வேலை செய்வதில்லை. சிறுநீரகம் அதைத் தேவைக்கு அளந்து, வீரியமுள்ள உருவமாக மாற்றிக் கொடுக்கிறது. அளவு மிகாமல் அதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடும் சரீரத்திலேயே உண்டு. சார்காய்டோசிஸில் கிரானுலோமாவிலுள்ள அணுக்கள் இந்த மாற்றத்தைத் தாமே செய்யத் தொடங்கிவிடுகின்றன. அந்தக் கட்டுப்பாட்டுக்கு அவை அடங்குவதில்லை. சிறுநீரகங்கள் இரண்டுமே இல்லாத ஒரு சார்காய்டோசிஸ் நோயாளரின் இரத்தத்தில் வீரிய வைட்டமின் மிகுந்திருந்ததை 1981-இல் கண்டபோதுதான் இது வேறிடத்தில் உற்பத்தியாகிறது என்பது சந்தேகமின்றி விளங்கிற்று. விளைவு என்னவென்றால், குடல் சுண்ணாம்புச் சத்தை வரம்பின்றி உறிஞ்சுகிறது; சிறுநீரில் அது வழிந்து கற்கள் உண்டாகின்றன; இரத்தத்திலும் அது ஏறும்போது வாந்தி, மலச்சிக்கல், மிகுந்த தாகம், மனக்குழப்பம் எல்லாம் வந்து, கவனியாது விட்டால் சிறுநீரகமே கெட்டுப்போகிறது.

இதில் நம் காலத்துக்கு உரிய ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. அசதி என்று போகிறவருக்கெல்லாம் டி வைட்டமின் அளவு பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சாதாரணமாகப் பார்ப்பது வீரியமற்ற உருவத்தின் அளவைத்தான். சார்காய்டோசிஸில் அந்த உருவம் வேகமாக வீரிய உருவமாக மாற்றப்பட்டுவிடுவதால், பரிசோதனைத் தாளில் அது குறைவாகவே தெரியும். குறைவைக் கண்டவர் மாத்திரையும் சுண்ணாம்புச் சத்தும் எழுதிக் கொடுப்பார். ஏற்கெனவே மிகுந்திருப்பது மேலும் மிகும். 2020-ஆம் ஆண்டில் அமெரிக்க மார்புநோய்ச் சங்கத்தார் வெளியிட்ட நெறிமுறையில், புதிதாக நிர்ணயமான நோயாளருக்குச் செய்ய வேண்டிய சோதனைகளைப் பற்றிய பல யோசனைகளுக்கு நடுவே, அழுத்தம் திருத்தமாகச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: இரத்தத்தில் சுண்ணாம்பின் அளவைப் பார்க்க வேண்டும் என்பது. சார்காய்டோசிஸ் உள்ளவர்கள் தம்முடைய வைத்தியரைக் கேளாமல் டி வைட்டமின் மாத்திரையைத் தொடவே கூடாது.

இதயத்துக்கு வருகிறேன். உயிரோடு இருக்கும் நோயாளர்களில் நூற்றுக்கு ஐந்து பேரிடமே இதயக் கோளாறு வெளிப்படுகிறது. இறந்தபின் அறுத்துப் பார்த்த ஆராய்ச்சிகளிலோ கால்பங்கினருடைய இதயத்தில் கிரானுலோமாக்கள் காணப்பட்டிருக்கின்றன. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே வைத்தியர்களின் கவலை. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின் கட்டளை தடைப்பட்டால் நாடி மிகவும் மந்தமாகி நோயாளர் மயங்கி விழுகிறார். கீழறையிலேயே தாறுமாறான துடிப்பு எழுந்தால் நிமிஷங்களில் மரணம் சம்பவிக்கலாம். ஜப்பான் தேசத்தில் சார்காய்டோசிஸால் நேரும் மரணங்களுக்கு நுரையீரலை விட இதயமே பிரதான காரணமாக இருந்துவருகிறது. படபடப்பு, மயக்கம், கண் இருண்டு வருதல் ஆகிய இவற்றை, வெயிலில் நின்றேன், சாப்பிடாமல் இருந்தேன் என்று நோயாளரே சமாதானம் சொல்லிக்கொள்ளாமல், அன்றே தெரிவிக்க வேண்டும். நிர்ணயமான உடனே ஒரு ஈ.ஸி.ஜி. எடுப்பது எல்லோருக்கும் அவசியம். அதில் சந்தேகம் தட்டினால் எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படமும் பெட் ஸ்கானும் உதவும். மறுபுறமாக, அறுபது வயதுக்குட்பட்ட ஒருவருக்கு வேறு காரணமின்றி இதய மின் தடை காணுமானால், பேஸ்மேக்கர் பொருத்துவதோடு நின்றுவிடாமல், அதன் பின்னே சார்காய்டோசிஸ் இருக்கிறதா என்று தேடுவது வைத்தியரின் கடமை.

நோய் யாரைப் பற்றுகிறது என்று கேட்பீர்கள். ஸ்காண்டிநேவிய தேசங்களில் இது மிகுதி. ஸ்வீடனில் வருஷந்தோறும் லட்சம் பேருக்குச் சுமார் 11 பேர் புதிதாக அடைகிறார்கள். அமெரிக்காவில் வெள்ளையரைக் காட்டிலும் கறுப்பினத்தாரிடம் இரண்டு மூன்று மடங்கு அதிகமாகவும், பல அவயவங்களைத் தாக்கும் கடுமையோடும் காணப்படுகிறது. இந்தியாவில் இது அபூர்வம் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவிவந்தது. கல்கத்தாவிலும் சண்டிகரிலும் டில்லியிலும் மார்புநோய் நிபுணர்கள் தேடத் தொடங்கிய பிறகு, தேடிய இடத்திலெல்லாம் அது அகப்பட்டது. இதுகாறும் அது எங்கே இருந்தது? க்ஷயம் என்ற பெயருக்குள் இருந்தது.

உலகத்துக் க்ஷயரோகிகளில் நாலில் ஒருவர் நம் நாட்டவர். அப்படியிருக்க, இருமலும் ஜுரமும் எடைக் குறைவும் நெறியும் கண்ட ஒருவருக்கு முதலில் க்ஷயத்தை நினைக்கும் வைத்தியரை நான் குறை கூறமாட்டேன். நானும் அதையே நினைப்பேன். சளியில் கிருமி அகப்படாவிட்டாலும் மருந்தைத் தொடங்கிவிட்டு, மாதங்கள் கழிந்தும் குணம் காணாதபோது, இது மருந்துக்கு அடங்காத க்ஷயம் என்று எண்ணி இன்னும் கடுமையான மருந்துகளுக்குப் போய்விடுவதுதான் துன்பத்துக்கு வித்து. சார்காய்டோசிஸ் அந்த மருந்துகளுக்கு அசையாது. ஈரலும் கண் நரம்பும் செவியும் மருந்துகளால் வீணே உபத்திரவப்படும். இதைவிடக் கொடியது எதிர்த்தவறு. க்ஷயத்தைச் சார்காய்டோசிஸ் என்று எண்ணி அதற்குரிய ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால், அடைபட்டிருந்த கிருமிகள் அவிழ்ந்து சரீரமெங்கும் பரவிவிடும். ஆகையால் இந்த நாட்டில் பூதக்கண்ணாடியின் சாட்சியம் இன்றியமையாதது. மூச்சுக்குழாய்க்குள் விடும் கருவியின் மூலம் நெறியிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் சிறு துணுக்குகளை எடுத்து, கிரானுலோமாவின் நடு செத்திருக்கிறதா என்று பார்ப்பதோடு, அதே துணுக்கில் க்ஷயக்கிருமியைத் தேடும் மரபணுச் சோதனையையும் வளர்ப்புச் சோதனையையும் செய்துவிட வேண்டும். நம்மில் அநேகருக்குத் தடிக்கும் மாண்டூ ஊசி என்னும் டியூபர்குலின் சோதனை இவருக்குத் தடிக்காமலிருந்தால், லோஃப்கிரென் கண்ட அதே குறிப்பு நமக்கும் கை கொடுக்கிறது. இரத்தத்தில் ஏ.சி.இ. என்னும் பொருளின் அளவு உயர்ந்திருப்பது துணைச்சான்று; அதை மட்டும் நம்பி நிர்ணயம் செய்தல் தகாது. லோஃப்கிரென் கூட்டு லக்ஷணம் பூரணமாக அமைந்த இடத்தில் மட்டும் துணுக்கு எடுக்காமலே தீர்மானிப்பது உலக வழக்கம். நம் நாட்டில் அதற்கும் ஒரு முறை யோசிப்பது நலம்.

நிர்ணயமான பின் என்ன மருந்து என்ற கேள்வி உடனே எழும். பெரும்பாலோருக்கு விடை, இப்போதைக்கு ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டிருப்போம் என்பதாக இருக்கும். இப்படிச் சொல்லும் வைத்தியரை விட்டு வேறு வைத்தியரிடம் போய்விடுவது நம் ஜனங்களின் இயல்பாதலால், இதற்கு ஒரு பிரத்தியக்ஷ ஆதாரத்தைக் காட்டுகிறேன். பிரிட்டிஷ் மார்புநோய்ச் சங்கத்தார், நுரையீரலில் நிழல் படிந்த 149 பேரை மருந்தின்றி ஆறு மாத காலம் கவனித்து, 1996-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 58 பேருக்குப் படம் தானாகவே தெளிந்துவந்தது. லக்ஷணங்களின் கடுமையால் மருந்து கொடுத்தே தீரவேண்டியவர்கள் 33 பேர்தாம். முதல் நாளே எல்லோருக்கும் ஸ்டீராய்டு கொடுத்திருந்தால், அந்த 58 பேரும் முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்து, தம்முடைய சரீரமே செய்துகொண்ட காரியத்துக்கு மருந்தை வாழ்த்திக்கொண்டிருப்பார்கள். கண்ணின் பின்புற அழற்சி, இதயம், மூளை நரம்புகள், சுண்ணாம்பின் மிகுதி, மூச்சுக் குறைந்துகொண்டே வருதல் ஆகிய இவை இருந்தால் காத்திருத்தல் கூடாது. அங்கே தாமதம் அவயவத்தை இழக்கச் செய்யும்.

1951-ஆம் ஆண்டு தொடங்கிப் பயன்பட்டுவரும் ஸ்டீராய்டு மருந்தே இன்னும் முதல் ஆயுதம். பிரெட்னிசோலோன் நாளொன்றுக்கு 20 முதல் 40 மில்லிகிராம் வரை தொடங்கிச் சிறுகச் சிறுகக் குறைத்து, மொத்தத்தில் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை கொடுப்பது வழக்கம். சில வாரங்களில் இருமல் நின்றுவிட்டதே என்று நோயாளர் தாமாக நிறுத்திவிடுவது இருவகையிலும் கேடு: வியாதியும் திரும்பும், ஸ்டீராய்டுக்குப் பழகிய சரீரமும் திடீரென்று தளர்ந்துவிழும். நீண்ட நாள் தேவைப்படுகிறவர்களுக்கு மெதோட்ரெக்ஸேட், அஸதயோப்ரின் முதலியவற்றைச் சேர்த்து ஸ்டீராய்டின் அளவைக் குறைப்பார்கள். இவற்றுக்கும் அடங்காவிட்டால் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி உண்டு. அந்த ஊசி உறங்கும் க்ஷயத்தை எழுப்பிவிடக் கூடியதாதலால், நம் நாட்டில் அதற்கு முன் க்ஷயத்தைத் தேடிப் பார்த்தே ஆக வேண்டும். நுரையீரல் சார்காய்டோசிஸுக்கு மெதோட்ரெக்ஸேட்டையே முதல் மருந்தாகத் தொடங்கினாலும் பலன் ஸ்டீராய்டுக்குக் குறைந்ததன்று என்று நெதர்லாந்து வைத்தியர்கள் 2025-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஸ்டீராய்டின் தீமைகளுக்கு அஞ்சுகிறவர்களுக்கு நல்ல செய்தி.

தானாகச் சுகமடைந்தவர்களில் மிகச் சிலருக்கே வியாதி திரும்புகிறது. அந்தச் சுகமும் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷங்களுக்குள் வந்துவிடுகிறது. ஸ்டீராய்டினால் அடங்கியவர்களுக்கோ, மருந்தை நிறுத்திய பிறகு திரும்பி வருவது அதிகம். ஆகையால் மருந்தே கொள்ளாதவரும், கொண்டு நிறுத்தியவரும் குறைந்தது மூன்று வருஷம் தவறாமல் வைத்தியரிடம் வந்துபோக வேண்டும். வரும்போதெல்லாம் மூச்சின் கொள்ளளவை ஊதிப் பார்க்கும் சோதனை ஒன்றும், தேவையானபோது மார்புப் படமும், இரத்தத்தில் சுண்ணாம்பும், ஈ.ஸி.ஜி.யும் போதும். கண்ணில் ஒரு முறை அழற்சி கண்டவர் மட்டும் அந்த மூன்று வருஷக் கணக்கைப் பாராமல், கண் வைத்தியர் குறிக்கும் தவணைப்படி தொடர்ந்து போய்க்கொண்டிருக்க வேண்டும்.